இருட்டில் வேலை பார்த்த ஊர்

அறுபதுகளின் தமிழ்ப் பட போஸ்டர்களில் 'ஈஸ்ட்மென் கலர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த ஈஸ்ட்மென் ஒரு மனிதரின் பெயர். படச்சுருள் செய்யும் கோடாக் கம்பெனியைத் தொடங்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மென். அவருடைய ஊர், அமெரிக்காவில் ஒன்டாரியோ ஏரியை ஒட்டியிருக்கும் ராச்செஸ்டர்.

ஜெனசி ஆற்றின் அருவிகள் மாவு மில்களை ஓட்டிய காலத்தில் அது மாவு நகரம். அப்புறம் நாற்றுப் பண்ணைகள் பெருகி மலர் நகரமானது. கோடாக் வந்தபின் மற்றதெல்லாம் பின்னுக்குப் போனது. 1982-ல் அந்த ஊரில் மட்டும் 60,000 பேருக்கு மேல் கோடாக்கில் வேலை பார்த்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை லாபத்தில் பங்கு கொடுப்பார்கள். அந்த நாளுக்காகக் கடைக்காரர்கள் காத்திருப்பார்கள்.

1975-ல் ஸ்டீவன் சாசன் என்ற கோடாக் பொறியாளர் உலகின் முதல் டிஜிட்டல் கேமராவை அங்கேயே செய்து முடித்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆகும். கம்பெனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு டிஜிட்டல் பரவி ஃபிலிம் வியாபாரம் சரிந்தது. 2007-ல் ஆலைக் கட்டடங்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2012-ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. 1950-ல் 3.32 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 2020-ல் 2.11 லட்சம்.

ஆனாலும் ஊர் செத்துவிடவில்லை. இன்று அங்கே அதிகம் பேருக்குச் சம்பளம் கொடுப்பது ராச்செஸ்டர் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனைகளும்தான். அந்தப் பல்கலைக்கழகத்தை வளர்த்தது ஈஸ்ட்மென் வாரிக் கொடுத்த பணம். ஆலை தராத பாதுகாப்பை அவருடைய நன்கொடை தந்துவிட்டது.

எனக்கு மனசு ஆறாத இடம் வேறு. பள்ளிப் படிப்போடு ஆலைக்குள் போனவர் வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, நிம்மதியாக ஓய்வு பெற்ற காலம் கோடாக்கின் காலம். ஆய்வகமும் அறுவை அரங்கும் பட்டம் இல்லாதவரை அந்த உயரத்துக்கு ஏற்றிவிடுவதில்லை. அதிலும் கறுப்பினத்தவருக்கு நேர்ந்தது கொடுமை. அந்த ஊரில் 1964-ல் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு, 'ஃபைட்' என்ற அமைப்பு கோடாக்கோடு மல்லுக்கட்டித்தான் அவர்களுக்கு வேலை கேட்டது. போராடித் திறந்த கதவு, ஒரு தலைமுறை காலூன்றுவதற்குள் சாத்திக்கொண்டது. குழந்தைகளின் வறுமையில் அமெரிக்காவின் மிக மோசமான நகரங்களில் ஒன்றாக ராச்செஸ்டர் இன்று நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

பழைய கோடாக் வளாகத்தில் இப்போது தக்காளி சாஸ் தயாராகிறது, பீட்ரூட் வேகிறது. ஒரு கட்டடத்தில் மட்டும் இன்னமும் படச்சுருள். வெள்ளி உப்பும் ஜெலட்டினும் கலந்த பூச்சை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் படரவிடும் வேலை முழுக்க இருட்டில் நடக்கிறது. வெளிச்சம் பட்டால் சுருள் பாழ். 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக 65 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளைச் சுருளை முதல்முறையாகச் செய்து கொடுத்தது கோடாக்தான். இளைஞர்கள் மறுபடி ஃபிலிம் கேட்கிறார்கள். அந்தப் பிரிவுக்குப் புது ஆள் எடுத்து, கண்ணுக்கு எதுவும் தெரியாத அறையில் கைப்பழக்கத்தால் வேலை செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள்.