லைட்னிங் வடமும் ஐஓஎஸ் 7 எச்சரிக்கையும்

ஐஓஎஸ் 7 என்பது ஆப்பிள் நிறுவனம் 2013 செப்டம்பர் 18 அன்று வெளியிட்ட ஐபோன், ஐபேடு இயங்குதளப் பதிப்பு ஆகும். இதை நிறுவிய பின், அதுவரை நன்றாக இயங்கிவந்த பல மலிவு விலை மின்னேற்ற வடங்கள் எச்சரிக்கை காட்டின. சில வடங்கள் மின்னேற்றுவதையே நிறுத்திக்கொண்டன. வடத்தில் எந்த மாற்றமும் இல்லாதபோது மென்பொருள் இற்றைப்படுத்தல் மட்டும் அதைப் பயனற்றதாக்கியது பயனர்களிடையே அதிருப்தியை உண்டாக்கியது.

பின்னணி

2003 முதல் ஆப்பிள் கருவிகளில் 30 முனை இணைப்பி இருந்தது. 2012 செப்டம்பரில் ஐபோன் 5 உடன் லைட்னிங் என்னும் 8 முனை இணைப்பி அறிமுகமானது. இது அளவில் சிறியது. எந்தப் பக்கமாகவும் செருகலாம். ஒரு மீட்டர் நீள அசல் வடத்தின் விலை அப்போது அமெரிக்காவில் 19 டாலராக இருந்தது. அதைவிடப் பன்மடங்கு மலிவான போலி வடங்கள் விரைவில் சந்தைக்கு வந்தன.

வடத்திலுள்ள சில்லு

பழைய யூஎஸ்பி வடம் பெரும்பாலும் வெறும் செப்புக் கம்பிகளின் தொகுப்பே. லைட்னிங் வடத்தின் முனையிலோ ஒரு சிறு சில்லு பொருத்தப்பட்டுள்ளது. வடத்தைச் செருகியதும் கைபேசி அந்தச் சில்லைத் தொடர்பு கொண்டு, அது அனுப்பும் விடையைச் சரிபார்க்கிறது. ஆப்பிளின் எம்எஃப்ஐ உரிமத் திட்டத்தில் சேர்ந்த தயாரிப்பாளர்களே முறையான சில்லைப் பெற முடியும்.

போலி வடங்களில் இச்சில்லின் நகல் இருந்தது. சரிபார்க்கும் விதி கைபேசியின் மென்பொருளில் இருப்பதால், விதி கடுமையானதும் பழைய நகலின் விடை ஏற்கப்படாமல் போனது. ‘இந்த வடம் சான்றளிக்கப்படவில்லை, நம்பகமாக இயங்காமல் போகலாம்’ என்ற பொருளில் திரையில் செய்தி தோன்றியது.

பாதுகாப்பும் விமர்சனமும்

தரமற்ற மின்னேற்றிகளால் மின்னதிர்ச்சி ஏற்பட்டதாகச் சீனாவிலிருந்து 2013 சூலையில் செய்திகள் வந்தன. அதைத் தொடர்ந்து, பிற நிறுவன மின்னேற்றியைத் திரும்பக் கொடுத்தால் அசல் மின்னேற்றியை 10 டாலருக்குத் தரும் திட்டத்தை ஆப்பிள் ஆகத்து மாதம் தொடங்கியது.

எனினும் வடமும் மின்னேற்றியும் ஒன்றல்ல. வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைப்பது சுவரில் செருகும் மின்னேற்றியே. அதன் உள்காப்பு பழுதானால்தான் உயர் மின்னழுத்தம் கைபேசிவரை வரக்கூடும். வடத்தின் சில்லு உண்மையானது என்பது மின்னேற்றி பாதுகாப்பானது என்பதற்குச் சான்று ஆகாது. எனவே இச்சோதனை பயனரைக் காப்பதைவிட உரிமச் சந்தையையே காக்கிறது என்று விமர்சகர்கள் கூறினர். மறுபுறம், மெல்லிய கம்பியும் மோசமான பற்றவைப்பும் கொண்ட வடங்கள் சூடாகி உருகக்கூடும் என்பதும் உண்மையே.

காரணத்தைக் கண்டறிதல்

இற்றைப்படுத்தலுக்குப் பின் மின்னேற்றம் நின்றால், மென்பொருள்தான் காரணம் என்று உடனே முடிவு செய்ய இயலாது. துளையில் சேரும் துணிப்பஞ்சு, முனையில் படியும் கறை, வளைந்து உள்ளே அறுந்த கம்பி ஆகியவையும் இதே எச்சரிக்கையைத் தோற்றுவிக்கும்.

* அதே வடம் வேறொரு கைபேசியில் இயங்கினால், முதல் கைபேசியின் துளையை ஆராய வேண்டும்.
* இற்றைப்படுத்திய எல்லாக் கைபேசிகளிலும் மறுக்கப்பட்டு, பழைய பதிப்புள்ள கைபேசியில் மட்டும் இயங்கினால், சில்லுச் சரிபார்ப்பே காரணமாக இருக்கலாம்.
* வடத்தை அசைக்கும்போது மின்னேற்றம் விட்டுவிட்டு வந்தால், கம்பி அறுந்திருக்கக்கூடும்.

பிந்தைய மாற்றம்

கைபேசிகளுக்குப் பொதுவான மின்னேற்ற இணைப்பி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் சட்டம் இயற்றியது. யூஎஸ்பி-சி இணைப்பியைக் கட்டாயமாக்கும் அவ்விதி 2024 திசம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில் வெளியான ஐபோன் 15 வரிசையில் லைட்னிங் கைவிடப்பட்டு யூஎஸ்பி-சி இடம்பெற்றது. இதனால் ஐபோனுக்கும் பிற கைபேசிகளுக்கும் ஒரே வடத்தைப் பயன்படுத்த முடிகிறது.