உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால்

நம் சிறுகுடலுக்குள் ஒரு நாளில் ஏறக்குறைய 8 லிட்டர் நீர் வந்து சேர்கிறது. சாப்பாட்டோடும் தண்ணீராகவும் நாம் உள்ளே அனுப்புவது அதில் 2 லிட்டர்தான். மீதி அத்தனையும் உடம்பு தானாகச் சுரந்தது: எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலின் சொந்தச் சுரப்பு. தின்ற சோறு கரைந்து சத்து பிரிய இவ்வளவு நீர் வேண்டியிருக்கிறது. வேலை முடிந்ததும் குடல் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு வெளியேறுவது ஒரு டம்ளருக்கு மேல் இருக்காது. செரிமானம் என்றாலே இரைப்பை அமிலத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். எனக்கென்னவோ இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

காலராவில் கெட்டுப்போவது இந்தக் கணக்குதான். கிருமியின் நஞ்சு பட்டதும் குடல் செல்கள் குளோரைடைக் கொட்டத் தொடங்கும். சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகும். சில மணி நேரத்தில் உடம்பு வற்றிவிடும். வெறும் தண்ணீர் குடித்தால் ஈடாகாது. ஆனால் அந்த நஞ்சு கெடுக்காத வழி ஒன்று குடல்சுவரில் இருக்கிறது. அங்குள்ள ஒரு புரதம், சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீரும் கூடவே போகும். இந்த ஜோடிப் பயணத்தை 1960-இல் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் முன்வைத்தவர், அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன்.

1971-இல், வங்கதேசப் போரில் தப்பி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்க எல்லையிலிருந்த போங்காவ் மருத்துவமனையில் நோயாளிகள் தரையில், பேதியிலும் வாந்தியிலும் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்த டாக்டர் திலீப் மஹலனபிஸ், உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை வாய்வழியே புகட்டுவது என்று துணிந்து முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் இவற்றை நிறுத்து, பிளாஸ்டிக் பைகளில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாய் ஒட்டி அனுப்பினார்கள். முகாமில் பீப்பாய்களில் கரைத்து வைக்க, உறவினர்களே பிடித்துவந்து புகட்டினார்கள். 30 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து உறிஞ்சப்படுகின்றன என்ற கண்டுபிடிப்பு, நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978-இல் லான்செட் இதழ் எழுதியது. மஹலனபிஸுக்குப் பத்ம விபூஷண் வந்தது 2023-இல், அவர் இறந்த பிறகு. நம் ஊர் வழக்கம்!

பேதியானால் சோடா, பாட்டில் ஜூஸ் வாங்கிக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை அளவு மீறினால் அது தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். மருந்துக்கடையில் இந்த உப்பு-சர்க்கரைக் கலவையான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கேட்டு வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் ரத்தம் கண்டாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.