சைகோன் தாத்தாவைத் தேடி

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது என்பர் பெரியோர். பாட்டன் மூலத்தைப் பார்க்கலாகாது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆகையால் சென்ற கோடை விடுமுறையில் பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர் அதில் துணிந்து இறங்கினோம்.

எங்களுள் ஒருத்தியின் ஆயா பாகூர் கொம்யூனில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். எண்பது வயதைக் கடந்தவர். அவருடைய தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். இளவயதில் கப்பலேறிச் சைகோன் போனவர் ஊர் திரும்பவேயில்லை. "அவர் செத்த நாளும் தெரியல, எந்த நாள்ல பூசை வைக்கிறது?" என்பது ஆயாவின் நெடுநாள் குறை.

1859-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை சைகோனைக் கைப்பற்றிய பின்னர், புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம்மவர் பலர் எழுத்தராகவும் காவலராகவும் சிப்பாய்களாகவும் அங்கே போனார்கள். அப்படிப் போனவர்களின் குடிவழியைக் காண எங்கே தொடங்குவது? சொந்தப் பங்குக் கோவிலில்தான். ஞானஸ்நானமும் திருமணமும் ஏட்டில் எழுதப்பட வேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டிலேயே விதித்துவிட்டது. பங்குத்தந்தை அன்புடன் பழைய ஏட்டைத் திறந்து காட்டினார். இரண்டு நாள் தேடியும் தாத்தாவைக் காணோம்!

ஏடு இலத்தீன் மொழியில் இருந்ததை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. வீட்டில் இராயப்பன் என்றால் ஏட்டில் பேத்ருஸ். சின்னப்பன் என்றால் பவுலுஸ். அருளப்பன் என்றால் யோவான்னெஸ். பங்குத்தந்தை இதைச் சொன்ன பிறகு அரை மணி நேரத்தில் தாத்தா கிடைத்துவிட்டார். அவரோடு அவருடைய தாயும் ஞானத்தாயும் கிடைத்தார்கள். வீட்டுப் பெரியவர்கள் சொன்ன வம்சாவளியில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. ஏட்டிலோ ஒவ்வொரு குழந்தைக்கும் தாயின் பெயரும் உண்டு. இது எங்களுக்குப் பெருமகிழ்ச்சி தந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அடுத்து 'எத்தா சிவில்' எனப்படும் அரசுப் பதிவேடு. பிரெஞ்சு நாட்டுச் சட்டத்தின் திருமண, பிறப்பு, இறப்புப் பதிவு விதிகள் 1880 ஏப்ரல் 24-ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சு இந்தியாவுக்கு வந்தன. அதே ஆண்டு மார்ச்சில்தான் கொம்யூன்களும் ஏற்பட்டன. அப்போது புதுவைப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கே இருந்தன, 1907-இல் எட்டாயின. ஆதலால் நெட்டப்பாக்கத்துக் குடும்பத்தைப் பழைய பாகூர் ஏட்டிலும், திருபுவனைக் குடும்பத்தை வில்லியனூர் ஏட்டிலும் தேட வேண்டியிருக்கும். நம் நிலமும் ஒரே துண்டாக இருந்ததில்லை. இடையிடையே ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டு ஊர்கள் இருந்தன. நான்கு கல் தொலைவிலிருந்து பெண் எடுத்திருந்தாலும் அவள் பிறப்பைக் கடலூர்ப் பக்கம் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சு எழுத்து மற்றொரு சோதனை. நமது 'ச'வுக்குச் சில எழுத்தர்கள் 'தே', 'ஸே', 'ஆஷ்' என்று மூன்று எழுத்துகளைப் போட்டார்கள். எனவே ஒரே பெயர் அகரவரிசையில் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கக் கூடும். எங்கள் பிரெஞ்சு ஆசிரியையான அருட்சகோதரி, "கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள்" என்றார். அந்த யோசனை நன்றாகப் பலித்தது.

ஆனால் சைகோன் போனவர்களைத் தேடுவோருக்குப் பெரிய பூட்டு வேறொன்று. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, பிரெஞ்சு இந்தியர் தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம். அப்படித் துறந்தவர் ஒரு குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும். அதன்பின் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. 1873-இல் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்ற வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை இதில் முன்னின்றவர். அவர் 'லப்போர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். இப்படித் துறந்தவர்களுக்குச் சைகோனில் உத்தியோக வாய்ப்பு மிகுதி. இதனால் தம்பி தகப்பன் பெயரைத் தலையெழுத்தாக வைத்துக்கொண்டு பாகூரில் ஏர் உழ, அண்ணன் வேறு பெயரில் வேறு குடும்பமாகிவிடுவார். அந்தப் புதுப் பெயர் தெரியாமல் சைகோன் ஏடுகளைப் புரட்டிப் பயனில்லை.

மறுபடியும் ஞானஸ்நான ஏட்டுக்கே போனோம். திருமணம் எங்கு நடந்தாலும் அதை ஞானஸ்நானம் பெற்ற கோவிலுக்குத் தெரிவித்து, ஏட்டின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்ற திருச்சபை விதி 1908-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் முறை தாத்தாவின் பெயரைக் கண்ட மகிழ்ச்சியில் ஓரத்தை நாங்கள் பார்க்கவேயில்லை! மங்கிய மையில், பொடி எழுத்தில், சைகோன், 1911, அவருடைய குடும்பப் பெயர், மனைவியின் பெயர் எல்லாம் அங்கே இருந்தன. நாங்கள் போட்ட கூச்சலில் கோயில்பிள்ளை ஓடி வந்துவிட்டார்.

குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளில் ஒரு படியைப் பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776-ஆம் ஆண்டிலேயே அரச கட்டளை பிறந்தது. கறையானுக்கும் கடற்காற்றுக்கும் தப்பிய அந்தப் படிகள் இன்று எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பழைய ஏடுகள் பலவற்றின் படங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அவரவர் வீட்டுத் தகரப் பெட்டியையும் மறவாதீர்கள். ஒப்பந்தப்படி 1962 ஆகஸ்டு 16-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காக எடுத்த பிறப்புப் படிகள் பல வீடுகளில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

தாத்தாவின் இறப்புப் பதிவு இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை; சனிக்கிழமை தோறும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆயா காத்திருக்கவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பூசைக்குப் பெயர் எழுதும் சீட்டை எங்களிடம் நீட்டி, "அந்தப் புதுப் பேரையும் எழுதுங்க. அவர் பொண்டாட்டி பேரையும் பக்கத்திலேயே எழுதுங்க" என்றார். நாங்கள் எழுதிக் கொடுத்தோம்.