வறட்சியைத் தாங்கும் மாட்டுத் தீவனம்

தோட்டத்தில் மாடு வளர்த்தவர்களுக்குப் புல்லின் அருமை தெரியும். பால்மரம் வெட்டி முடித்து வீடு திரும்பியதும், அரிவாளும் சாக்குமாகப் புல்லறுக்கக் கிளம்பிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ! நல்ல வேளையாக, நம் நாட்டில் மழைக்குப் பெரும் பஞ்சமில்லை. ஓரிடத்தில் அறுத்தால் வேறிடத்தில் முளைத்துவிடும். வானம் பொய்த்த நாடுகளில் கறவை மாடு வைத்திருப்பவர் என்ன செய்வார்?

1934-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கடும் வறட்சி. தீவனமும் தண்ணீரும் இன்றி மாடுகள் தவித்தன. அந்நாட்டு அரசாங்கமே 80 இலட்சத்துக்கும் அதிகமான மாடுகளை விலைக்கு வாங்க நேர்ந்தது. பசும் தீவனம் இல்லையேல் பட்டியும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அதே வறட்சிக் காலத்தில்தான் வீரிய ஒட்டு மக்காச்சோளத்தின் பெருமையும் வெளிப்பட்டது. பழைய இரகங்கள் சாய்ந்து கருகிய வயல்களுக்கு அருகில் இது நிமிர்ந்து நின்றது. அயோவா மாநிலத்தில் 1935-இல் சோள நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை. நான்கே ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பரவிவிட்டது!

ஒட்டு விதை பிறக்கும் விதம்

மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண் பூ. நடுத்தண்டில் பட்டு நூல் தொங்கும் கதிர்தான் பெண் பூ. ஒரு செடியின் மகரந்தத்தை அதன் கதிரிலேயே சேர்த்துப் பல தலைமுறை வளர்த்தால், செடி குட்டையாகி நலிந்துவிடும். அப்படி நலிந்த இரு வேறு வம்சங்களைக் கலந்தால், பிள்ளைச் செடி பெற்றோரை மிஞ்சி ஓங்கி வளரும். இந்த விந்தையை ஜார்ஜ் ஷல் என்ற அறிஞர் 1908-இல் எடுத்துரைத்தார். விதைப் பண்ணையில் தாய் வரிசைகளின் ஆண் பூவைக் கிள்ளிவிட்டால், பக்கத்துத் தந்தை வரிசையின் மகரந்தம் வந்து சேரும்.

வறட்சியில் பட்டு நூல் தாமதமாகவே வெளிவரும்; அதற்குள் மகரந்தம் உதிர்ந்து தீர்ந்துவிடும். கதிரில் மணி பிடிக்காது. மெக்சிகோவிலுள்ள அனைத்துலகச் சோள, கோதுமை ஆராய்ச்சி நிலையத்தார் 1975 முதல், மழையில்லாப் பருவத்தில் வேண்டுமென்றே நீரைக் குறைத்துச் செடிகளைச் சோதித்தனர். இரண்டு பூவும் நெருங்கி மலரும் செடிகளையே பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினர்.

மாட்டுக்கு எது நல்லது?

தீவனச் சோளத்துக்குக் கதிர் மட்டும் போதாது. இலை மிகுந்திருக்க வேண்டும். தண்டு எளிதில் செரிக்க வேண்டும். மழை நிற்பதற்குள் முற்றும் குறுகிய கால இரகம் வறட்சிக்குத் தப்பும். ஆனால் தீவனம் குறையும். நீண்ட கால இரகம் செழித்து வளரும். ஆனால் பாதியில் காயலாம். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காண்பதே ஆராய்ச்சியாளரின் பெரும்பாடு. மணி மாவு பிடிக்கும் பருவத்தில் செடியை முழுதாக வெட்டிக் குழியில் காற்றுப் புகாமல் அமுக்கி மூடினால், ஊறுகாய்ப் புல்லாகி வெயில் காலத்துக்குக் கைகொடுக்கும்.

எச்சரிக்கை ஒன்று: வறட்சியில் வாடிய செடியின் அடித்தண்டில் நைட்ரேட் என்னும் உப்பு சேரும். மிகுந்தால் மாட்டின் உயிருக்கே ஆபத்து. ஆகவே அடியில் ஓரடி விட்டு வெட்டுவது நல்லது.

இதில் ஏழை உழவருக்கு ஒரு சுமையும் உண்டு. ஒட்டுச் செடியின் மணியை எடுத்து விதைத்தால் வீரியம் குன்றிவிடும். ஆண்டுதோறும் புது விதை வாங்க வேண்டும். அதனால்தான் தமிழ்நாடு உள்ளிட்ட இந்திய மாநிலங்களில் தீவனத்துக்கு 'ஆப்பிரிக்க நெட்டை' என்ற கூட்டு இரகத்தையும் பயிரிடுகிறார்கள். அதன் விதையை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம்.

விளைச்சல் எவ்வளவு என்று மட்டும் பாராமல், விதைச் செலவு கைக்கு எட்டுமா என்றும் பார்ப்பதே குடும்பத்துக்கேற்ற கணக்கு. மாடு வளர்ப்போருக்கு இது தெரியாததா என்ன!