வாவிக்கரையில் ஒரு வானொலிக் காது

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைக் கேட்பதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறு முனையைக் காதோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். 1950களில் இயேசு சபைத் துறவி லாங்க் அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்தார். பிறகு அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது.

வாவிக்கு மேலேயும் ஓயாத இரைச்சல் உண்டு. கொக்கட்டிச்சோலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவரைச் சுற்றி 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை பண்பலை வானொலிகள் பேசிக்கொண்டிருக்கின்றன. 900ஐ ஒட்டிக் கைபேசிகள். 1090இல், உயரே பறக்கும் விமானங்கள் தாம் இருக்கும் இடத்தைத் துடிப்பு துடிப்பாகச் சொல்லிப் போகின்றன. இவை அனைத்தையும் ஒரே கருவியில் கேட்க ஒரு காலத்தில் இலட்சக்கணக்கில் விலையுள்ள கருவி வேண்டியிருந்தது.

2012இல் அது மாறியது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்ற மலிவு யூஎஸ்பி டொங்கிளின் 'ஆர்டிஎல்2832யூ' சில்லு, பிடித்த அலையைச் செப்பனிடாமல் அப்படியே கணினிக்குத் தரும் என்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 24 முதல் 1,700 மெகாஹேர்ட்ஸ் வரை எதையும் அதால் கேட்கலாம். சில ஆண்டுகளில் சுவிற்சர்லாந்தின் ஆர்மாசூயிஸ், ஸ்பெயினின் இம்டியா நெட்வொர்க்ஸ், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து 'எலெக்ட்ரோசென்ஸ்' வலையமைப்பை உருவாக்கினார்கள். டொங்கிளையும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியையும் அன்ரனாவோடு யாரும் தம் வீட்டுக் கூரையில் பொருத்தலாம். அது எடுக்கும் அளவுகள் வலையமைப்பின் பொதுத் தளத்தில் சேரும்.

அந்தச் சிறு பெட்டி வேலை செய்யும் விதம் இரவில் லாம்போடு வாவியில் இறங்கும் மீனவரைப் போன்றது. வெளிச்சம் விழுகிற வட்டம்தான் தெரியும். அதைப் பார்த்து முடித்து அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். டொங்கிள் ஒரு தடவைக்கு 2.4 மெகாஹேர்ட்ஸ் அகலத்தைத்தான் பார்க்கும். அதிலேயே நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபைட் தரவு கொட்டும். ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிகாபைட். எந்தக் கிராமத்து டேட்டா கார்டும் இதைத் தாங்காது. அதனால் ராஸ்பெரி பை வழக்கமாக அங்கேயே கணக்குப் போட்டு, எந்த அலைவரிசையில் எவ்வளவு வலு என்பதை மட்டும் அனுப்புகிறது. அப்படி அனுப்பும்போது ஒருவர் பேசிய பேச்சு வெளியே போவதில்லை என்பது இதில் கிடைக்கும் பெரிய நன்மை.

மலிவுக் கருவிக்குரிய குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கிடந்தால் உள்ளிருக்கும் படிகத்தின் துடிப்பு மெல்ல விலகும். அதைத் திருத்த, துல்லியமாக இயங்கும் கைபேசிக் கோபுரத்தின் அலையை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? வேல்ஸின் அபெர்ஹோசன் கிராமத்தில் 18 மாதங்களாகத் தினமும் காலை ஏழு மணிக்கு இணையம் படுத்துக்கொண்டது. கேபிளை மாற்றியும் பலனில்லை. கடைசியில் பொறியியலாளர்கள் கருவியோடு அதிகாலையிலிருந்தே காத்திருந்து கண்டுபிடித்தது, ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியை. அதைப் போட்டதும் கிளம்பிய மின்னிரைச்சல்தான் ஊரையே முடக்கியது. 2020இல் இது செய்தியானது. கூரைமேல் இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு காது இருந்திருந்தால், தினமும் ஏழு மணிக்கு எழும் கோடு சில நாளிலேயே அதன் அலைப்படத்தில் தெரிந்திருக்கக்கூடும். எப்போதாவது வந்து அலைகளை அளந்து போகும் வாகனத்துக்கு அது சிக்குவது அதிர்ஷ்டம். ஊரிலேயே இருப்பவருக்குத்தான் நேரம் தெரியும்.

கொக்கட்டிச்சோலை இருக்கும், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கிழக்கே எழுவான்கரைக்குப் போக 'பாதை' என்ற படகுச் சேவைக்காகக் காத்திருந்த மக்கள் இவர்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியின் நினைவும் இந்த மாவட்டத்தில் அழியவில்லை. 2004 ஆழிப்பேரலையில் தொலைபேசிகள் செத்தபோது, விக்டர் குணதிலக்க உள்ளிட்ட அமெச்சூர் வானொலியாளர்கள்தான் அம்பாந்தோட்டையிலிருந்து செய்தியைக் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். அப்படியொரு நாளில் எந்தக் கோபுரம் உயிரோடு இருக்கிறது, எது அடங்கிவிட்டது என்பதைக் கூரைக் கருவிகள் சொல்லும். மின்சாரத்துக்குப் பற்றரியும், செய்தி வெளியே போக ஒரு வழியும் தயாராக இருக்க வேண்டும்.

இலங்கையில் அலைவரிசைகளுக்குப் பொறுப்பு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் இதற்குரியது. கருவி பொருத்துமுன் ஆணைக்குழுவிடம் கேட்டுக்கொள்வது அவசியம். மற்றபடி, உயர்ந்த கட்டடங்கள் மறைக்காத படுவான்கரை வயல்வெளியில் ஒரு பாடசாலைக் கூரை போதும். முதல் வாரம் மாணவர்கள் ஒரு கொப்பியில் நேரம் குறிக்கலாம்: நெல் ஆலை மோட்டர் எப்போது ஓடுகிறது, வெல்டிங் கடை எப்போது திறக்கிறது, திரையில் அந்த நேரம் எந்தக் கோடு எழும்புகிறது என்று.