துறைமுகத்து மனிதர்கள் – 11: நள்ளிரவில் வரும் மளிகைப் பட்டியல்

சென்ற வாரம் சரக்குக் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஷிப் சாண்ட்லர்களைப் பார்த்தோம். மாலுமி ஒருவரின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு இத்தனை டாலர் என்று கப்பல் கம்பெனி அங்கே கோடு கிழித்துவிடும். அந்தக் கோட்டுக்குள் அரிசி, கோழி, முட்டை, உருளைக்கிழங்கை அடக்குவதில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது. கோடே இல்லாத இடத்தில் இதே தொழில் எப்படி நடக்கிறது என்று பார்க்க, இந்த வாரம் மத்தியதரைக் கடலுக்குப் போகலாம். ஸ்பெயினின் பலேயாரிக் தீவுகளில் பெரியது மயோர்கா. அதன் தலைநகர் பால்மா.

தெற்கே பார்த்த விரிந்த வளைகுடா. கரையில் பேராலயம். சற்றுத் தள்ளி, கடல் வணிகர்கள் கூடி விலை பேசுவதற்கென்றே 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய லோட்ஜா மாளிகை. அதற்கு எதிரே இன்று நிற்பவை உலகப் பணக்காரர்களின் உல்லாசப் படகுகள். பின்புறத்தைக் கரைக்குக் காட்டி, ஒன்றையொன்று உரசாத அளவுக்கு நெருக்கமாக, வரிசையாகக் கட்டியிருப்பார்கள். மேற்கு மத்தியதரைக் கடலின் நடுவே அமைந்த தீவு, பழுது பார்க்கும் பட்டறைகள், பெரிய விமான நிலையம், வாட்டாத குளிர்காலம் எல்லாம் சேர்ந்து பால்மாவை இந்தப் படகுகளின் தாய்வீடாக ஆக்கிவிட்டன. பெரிய பாய்மரப் படகுகளுக்கென்றே 1996-இல் தொடங்கிய சூப்பர்யாட் கப் பந்தயமும் இங்கேதான் நடக்கிறது.

நீளம் 24 மீட்டரைத் தாண்டினால் அந்தப் படகை சூப்பர்யாட் என்கிறார்கள். ஆனால் 60 மீட்டர் படகானாலும் வாடகைக்கு ஓடும்போது அதில் பெரும்பாலும் 12 விருந்தினர்தான். அதற்கு மேல் ஏற்றினால் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளின்படி அது பயணிகள் கப்பலாகிவிடும். வேறு சட்டதிட்டம், வேறு செலவு. அந்தப் பன்னிரண்டு பேரைக் கவனிக்க, அவர்களைவிட அதிகமான ஊழியர்கள் இருப்பார்கள். விருந்தினர் வருடத்தில் சில வாரங்களே படகில் தங்குவார்கள். ஊழியர்களோ பன்னிரண்டு மாதமும் சாப்பிட வேண்டும். 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, அதற்குள் வரும் படகுகளில் அவர்களுக்கு இலவசமாகவும் சத்தாகவும் உணவு தர வேண்டும். ஆகவே சொகுசுப் படகுக்கு மளிகை கொடுப்பது என்றால் மீன் முட்டையும் ஷாம்பெய்னும் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மூட்டை மூட்டையாக ஏறுவது அரிசி, மாவு, பால், முட்டை, கோழி.

கஷ்டம் அந்த மூட்டைகளில் இல்லை. பட்டியலின் கடைசி இரண்டு பக்கத்தில் இருக்கிறது. படகை வாடகைக்கு எடுப்பவர் முன்கூட்டியே ஒரு விருப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். யாருக்குக் கடலை ஒவ்வாது, யார் பால் தொடமாட்டார், குழந்தைக்கு எந்தப் பிராண்டு பிஸ்கட், காலையில் எந்த நாட்டுப் பத்திரிகை, எந்த ஊற்றின் தண்ணீர் எல்லாம் அதில் இருக்கும். படகின் சமையல்காரர் அதை வைத்துக்கொண்டு பட்டியல் போடுவார். இரவுச் சாப்பாட்டு வேலை முடிந்த பிறகுதான் அவருக்கு உட்கார நேரம் கிடைக்கும் என்பதால், பட்டியல் சாண்ட்லரின் போனுக்கு வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும். ஜப்பானியக் கடலுணவு, பிரான்ஸின் ஒரு குறிப்பிட்ட பண்ணை வெண்ணெய், சீசன் முடிந்துபோன ஒரு பழம். இருப்பது தீவில். பட்டியல் வந்ததும் பார்சிலோனாவுக்கு ஒரு போன், பாரிஸுக்கு ஒரு போன் என்று ஆரம்பித்துவிடும்.

பல படகுகளுக்குச் சனிக்கிழமைதான் வாரம் பிறக்கும் நாள். பழைய விருந்தினர் காலையில் இறங்குவார்கள், புதியவர்கள் மதியம் ஏறுவார்கள். நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் அறைகளைக் கழுவித் துடைத்து, டீசல் நிரப்பி, குப்பை இறக்கி, ஒரு வாரச் சாமானையும் உள்ளே வைத்தாக வேண்டும். விடியற்காலையிலேயே குளிரூட்டிய வண்டிகள் படகுத்துறைக்கு வந்துவிடும்.

வண்டிக் கதவு திறந்ததும் சமையல்காரர் முதலில் போவது மீன் பெட்டியிடம். ஐஸை ஒதுக்கிவிட்டு வெப்பமானியைச் செருகிப் பார்ப்பார். உறைந்த பொருள் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். இளகி மறுபடி உறைந்ததற்கான அடையாளம் தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார். அடுத்து அட்டைப்பெட்டிகள். இந்தப் படகுகளுக்குள் அட்டை போகாது. அட்டையின் மடிப்புகளில் கரப்பான்பூச்சி முட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிடும்; ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் படகையே காலி செய்து மருந்தடிக்க வேண்டியிருக்கும். அதனால் எல்லாப் பெட்டிகளையும் கரையிலேயே பிரித்து, சாமானைக் கழுவிய பிளாஸ்டிக் கூடைகளுக்கு மாற்றுவார்கள். தேக்குப் பலகை பாவிய மேல்தளத்தில் செருப்பும் ஏறாது. வெறுங்காலோடு நிற்கும் ஊழியர்கள் கைக்குக் கை மாற்றிக் கூடைகளை உள்ளே அனுப்புவார்கள்.

அந்தக் கூடைகளில் ஒன்றைச் சற்று உற்றுப் பாருங்கள். அவகேடோ பழங்கள் மூன்று அடுக்காக இருக்கும்: இன்றைக்கே வெட்டுகிற பதத்தில் கொஞ்சம், செவ்வாய்க்கிழமை பழுக்கப் போவது கொஞ்சம், வெள்ளிக்கிழமைக்கென்று கல் மாதிரிக் காயாகக் கொஞ்சம். கீரை வகைகள் ஈரத்தாளில் சுற்றியிருக்கும். பூக்கூடையில் லில்லிப் பூக்கள் ஒவ்வொன்றிலும் மகரந்தத் தாள்களைக் கிள்ளி எடுத்திருப்பார்கள். மகரந்தம் வெள்ளைச் சோபாவில் பட்டால் கறை போகாது. கல்யாண வீட்டு உக்கிராணத்துக்குப் பொறுப்பேற்ற பெரியவர், பந்தி நடுவில் எது தீர்ந்துபோகும் என்று முதல் நாளே கணக்குப் போட்டு வைத்திருப்பாரே, அந்தக் கண் இது. கல்யாண வீட்டிலாவது தெருமுனைக்கு ஆள் அனுப்பலாம். கயிற்றை அவிழ்த்துவிட்ட படகுக்குத் தெருமுனை கிடையாது. இந்தத் தொழில் செய்பவர்கள் மீது எனக்கு மரியாதை பிறப்பது இந்த இடத்தில்தான். பணக்காரர் வீட்டு வேலை என்று இதை ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

தீவு என்ற உண்மை ஒவ்வொரு அடியிலும் குறுக்கே நிற்கிறது. மயோர்காவின் கடைகளில் இருப்பதில் மிகுதியும் பார்சிலோனா, வலென்சியாவிலிருந்து இரவுக் கப்பலில் வந்து இறங்கியது. பார்சிலோனாவிலிருந்து ஏழெட்டு மணி நேரப் பயணம். காற்று கெட்டால் அதுவும் நின்றுபோகும். 2023 ஆகஸ்ட் 27 அன்று அடித்த புயற்காற்றில், பால்மாவில் கட்டியிருந்த பிரிட்டானியா என்ற பிரம்மாண்டமான பயணிகள் கப்பலே கயிறுகளை அறுத்துக்கொண்டு போய் இன்னொரு கப்பலில் மோதியது. ஆகஸ்ட்தான் படகுகள் மிகுதியாக ஓடும் மாதம். ஸ்பெயின் முழுக்க விடுமுறையில் இருக்கும் மாதமும் அதுவே. தொழிற்சாலை மூடியிருக்கும், கிடங்கில் ஆள் இருக்காது, ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறக்காது. மெர்காபால்மா மொத்தச் சந்தையிலும், 1951 முதல் நடக்கும் ஒலிவார் சந்தையின் மீன் கடைகளிலும் யாரை எந்த நேரத்தில் எழுப்பலாம் என்று தெரிந்தவரே அந்த மாதத்தைக் கடப்பார்.

தண்ணீருக்கே இந்தத் தீவு கப்பலை நம்பியிருந்த காலம் உண்டு. வறட்சி வாட்டிய 1995 முதல் 1997 வரை, ஸ்பெயின் நிலப்பரப்பிலிருந்து எப்ரோ ஆற்றுத் தண்ணீரை டாங்கர் கப்பலில் ஏற்றி வந்து பால்மா மக்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. பெரிய படகுகளிலும் அதே வேலைக்கு இயந்திரம் இருக்கிறது. அப்படியிருந்தும் எங்கோ ஒரு மலையடிவாரத்தில் புட்டியில் அடைத்த தண்ணீர் பெட்டி பெட்டியாக ஏறுகிறது. சுத்திகரித்த நீரைக் கண்ணாடிப் புட்டியில் நிரப்பிப் பரிமாறும் படகுகளும் உண்டு. அதுவே எங்கும் வழக்கமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காலிப் புட்டிகள் கடைசியில் வந்து இறங்குவது இதே தீவில்தான்.

இனி பணம். வாடகைப் படகில் சாப்பாடு, எரிபொருள், துறைமுகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு முன்பணம் உண்டு. வாடகையில் வழக்கமாக 25 முதல் 35 சதவீதம் வரை விருந்தினர் கட்டிவிடுவார். அது கேப்டன் கையில் இருக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் கணக்கு வைத்து, மீதியைத் திருப்பித் தர வேண்டும். இங்கேதான் அழுகல் புகுகிறது. பில்லில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கேட்கும் கேப்டன்களும் சமையல்காரர்களும் இந்தத் தொழிலின் பழைய நோய். கொடுக்க மறுத்தால் அடுத்த பட்டியல் வேறு கடைக்குப் போய்விடும். கொடுத்தால் அந்தப் பணத்தைத் தக்காளி விலையில் ஏற்ற வேண்டும். ஏமாறுவது கோடீஸ்வரர்தானே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேர்மையாக விலை போட்ட சிறிய கடைக்காரர்தான் இதில் முதலில் மூழ்குகிறார்.

பாக்கி இன்னொரு பயம். படகு கிளம்பிவிட்டால் கடனும் அதோடு கிளம்பிவிடும். 1999-ஆம் ஆண்டின் கப்பல் தடுப்பு ஒப்பந்தத்தில் ஸ்பெயினும் சேர்ந்திருக்கிறது. கப்பலுக்குக் கொடுத்த உணவுப் பொருளுக்கான பாக்கியும் அதைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்கக் கோருவதற்கு ஒரு காரணம்தான். ஆனால் வழக்குப் போட்டவருக்கு அடுத்த படகு கிடைக்குமா என்பது வேறு கணக்கு.

2022-இல் உக்ரைன் போரையொட்டி ரஷ்யப் பணக்காரர்கள் பலர் மீது தடைகள் வந்த பிறகு, யாருக்குச் சாமான் கொடுக்கிறோம் என்பதே கேள்வியாகிவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, ரஷ்யத் தொழிலதிபர் விக்டர் வெக்செல்பெர்குடையது என்று சொல்லப்பட்ட 78 மீட்டர் நீள டாங்கோ படகை, அமெரிக்காவின் கோரிக்கையை ஏற்று ஸ்பெயின் போலீசார் பால்மாவில் பிடித்துவைத்தனர். தடைப் பட்டியலில் இருப்பவருக்குப் பணமோ பொருளாதாரப் பயனோ கிடைக்கச் செய்வது ஐரோப்பிய ஒன்றியத்தில் குற்றம். படகோ எங்கோ ஒரு தீவில் பதிவான பெயர்ப்பலகைக் கம்பெனியின் பேரில் இருக்கும். வெங்காயமும் வெண்ணெயும் விற்பவர், உண்மையான முதலாளி யார் என்று துருவ வேண்டிய நிலை.

துறைமுகத்தை விட்டு வெளியே போன படகும் சாண்ட்லரை விடாது. இபிசா தீவுக்குத் தெற்கே ஃபோர்மென்தேரா என்ற சின்னத் தீவின் அருகே, பளிங்கு போன்ற தண்ணீரில் நங்கூரமிட எல்லோருக்கும் ஆசை. அந்தத் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு அடியில் வளரும் போசிடோனியா என்ற கடற்புல் ஒரு முக்கியக் காரணம். இபிசாவுக்கும் ஃபோர்மென்தேராவுக்கும் இடையே உள்ள அந்தப் புல்வெளிகள் 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மிக மெதுவாக வளரும் புல். ஒரு பெரிய நங்கூரச் சங்கிலி ஒரே இரவில் அறுத்துப்போட்டதைக் கடல் மீட்டெடுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். 2018 ஜூலையில் பலேயாரிக் அரசு புல்லின் மேல் நங்கூரமிடுவதைத் தடை செய்தது. இன்று படகுகள் மணல் தரை தேடி நிற்கின்றன. எந்தக் கரைக்குச் சாமானைக் கொண்டுபோனால் சிறு படகு வந்து எடுத்துக்கொள்ளும் என்பதையும் சாண்ட்லர் அதற்கேற்பத் திட்டமிடுகிறார். இந்தச் சட்டம் சற்று முன்பே வந்திருக்க வேண்டியது.

எல்லாம் சொன்ன பிறகும் என்னைக் குடைவது ஒன்றுதான். வெளியிலிருந்து வந்த சாமான் தீவில் இறங்கி, வண்டி மாறி, படகில் ஏறிப் போய்விடுகிறது. தீவின் மண்ணுக்கு இதில் என்ன கிடைக்கிறது? மயோர்கா ஒன்றும் தரிசு இல்லை. சோயேர் பள்ளத்தாக்கின் ஆரஞ்சுப் பழங்கள் ஒரு காலத்தில் அங்கிருந்தே கப்பலேறி பிரான்ஸின் தென்கரைக்குப் போயின. சா போப்லா சமவெளியின் உருளைக்கிழங்கு இங்கிலாந்து வரை போகிறது. எஸ் த்ரெங்க் உப்பளத்தில் மேலாக வாரும் உப்புப்பூ, கறுப்புப் பன்றி இறைச்சியில் மிளகாய்ப்பொடி சேர்த்துப் பதமாக்கும் சோப்ராசாதா, சோயேர் கடலின் சிவப்பு இறால், 2002 முதல் தனி அடையாளம் பெற்ற ஆலிவ் எண்ணெய் எல்லாம் உண்டு. ரமயேத் என்ற ஒரு தக்காளி இருக்கிறது. நூலில் கோத்து நிழலில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. அதைக் குறுக்கே வெட்டி, உப்பில்லாத நாட்டு ரொட்டியில் தேய்த்து, எண்ணெய் விட்டுச் சாப்பிடுவது தீவு மக்களின் அன்றாட உணவு. குளிர்பதனமே இல்லாமல் கடலில் தாங்கக்கூடிய காய். ஆனால் ஹாலந்துக் கண்ணாடிக்கூடத்தில் விளைந்த தக்காளி பெட்டியில் ஒரே அளவில் அடுக்கி வரும் என்பதால் பல சமயம் அதுவே படகில் ஏறிவிடுகிறது.

நள்ளிரவில் வரும் பட்டியலை வாங்கும் ஆளுக்கு இதை மாற்றும் சக்தி உண்டு. கேட்ட பொருள் கிடைக்காதபோது பதிலுக்கு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வது அவர்தான். பதிலாக உள்ளூர் ஆரஞ்சையும் உள்ளூர் எண்ணெயையும் உள்ளூர் மீனையும் வைக்கிற கடைகள் பால்மாவில் இருக்கின்றன. சமையல்காரர் ஒருமுறை ருசி பார்த்துவிட்டால் அடுத்த வாரப் பட்டியலில் அவரே எழுதிவிடுவார். விமானத்தில் வந்த மாம்பழத்துக்குக் கொடுக்கும் விலையில் பாதியை சா போப்லா விவசாயிக்குக் கொடுத்தால் அவர் நிலத்தை விற்றுவிட்டு ஓட்டல் வேலைக்குப் போக வேண்டியிருக்காது. தீவின் துறைமுகத்தையும் தண்ணீரையும் அனுபவிக்கும் படகுகள் அதன் வயலுக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். துறைமுக விதியிலேயே அதற்கு ஒரு வழி செய்தாலும் தப்பில்லை.

அக்டோபர் முடிந்தால் கூட்டம் கலையும். நவம்பரில் ஒரு பகுதிப் படகுகள் அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளுக்குப் போகும். அந்த நீண்ட கடல் பயணத்துக்குத்தான் ஊழியர் சாப்பாட்டின் பெரிய பட்டியல் வரும். மற்றவை பால்மாவிலேயே தண்ணீரை விட்டு மேலேறிப் பட்டறையில் நிற்கும். அடுத்த வாரம் அந்தப் பட்டறைகளுக்குள் போவோம். படகின் அடிவயிற்றைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பவர்களைச் சந்திப்போம்.

(தொடரும்)