கஞ்சியை ஏன் ஒளித்து வைக்கிறார்கள்?

கண்ணு, சாப்பாட்டை வேண்டுமென்றே ஒளித்துவைப்பார்களா யாராவது? விலங்குக் காட்சிசாலையில் ஆர்ட்வார்க் என்னும் விலங்குக்கு அப்படித்தான் செய்கிறார்கள். உடனே “ஏன்?” என்று கேட்டாய் பார், கெட்டிக்காரப் பிள்ளை!

ஆர்ட்வார்க்கின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. பகலில் வளைக்குள் தூங்கும். இருட்டியதும் கிளம்பும். அதற்குக் கண் மந்தம், மூக்கு படுகூர்மை. கறையான் வாசனை வந்துவிட்டால் போதும், புற்றை நகத்தால் பிளந்துவிட்டு நாக்கை நீட்டும். எவ்வளவு நீளம் தெரியுமா? உன் பையிலிருந்து அடிஸ்கேலை எடு. ஆமாம், கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர்! அதில் பிசுபிசுப்பான எச்சில் வேறு. ஒரே இரவில் 50,000 பூச்சிகள் வரை ஒட்டி இழுத்துவிடும்.

இங்கிலாந்தில் செஸ்டர் நகரத்துக் காட்சிசாலையிலும் ஆர்ட்வார்க் உண்டு. அங்கே தினமும் அத்தனை கறையானுக்கு எங்கே போவது? அதனால் காட்சிசாலைகளில் பூச்சி தின்னும் விலங்குகளுக்கென்றே தயாரித்த மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் கொடுப்பது வழக்கம். சத்துக்குக் குறைவில்லை. ஆனால் கிண்ணத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் காலி! அப்புறம் விடியும்வரை என்ன செய்யும், பாவம்? வேலை இல்லாத விலங்கு ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக நடக்க ஆரம்பித்துவிடும். வயிறு நிறைந்துவிட்டது. நகமும் நாக்கும்தான் பட்டினி. புரிகிறதா? புரியாவிட்டால் இன்னொரு முறை படி, நான் காத்திருக்கிறேன்.

பராமரிப்பாளர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், சிமெண்டில் ஒரு பொய்ப் புற்று கட்டுகிறார்கள். உள்ளே குழாய்கள். பின்பக்கமாகக் கஞ்சியை ஊற்றிவிடுவார்கள். முன்பக்கத்தில் சின்னத் துளைகள்தான், நாக்கு மட்டும் நுழையும். மோந்து, தேடி, நக்கி, பொறுமையாகச் சாப்பிட வேண்டியதுதான்! சில நாள் மண்ணுக்குள் புழுக்களைப் புதைப்பார்கள். சில நாள் உளுத்த கட்டையின் பொந்தில் அவகாடோ பழத்தை மசித்து அப்புவார்கள். பூச்சி தின்னிக்குப் பழமா என்று முகம் சுளிக்காதே. காட்டில்கூட அது ஒரு பழம் தின்னும். மண்ணுக்கடியில் காய்க்கும் ஒருவகை வெள்ளரி அது. தோண்டி எடுத்துத் தின்றால் தாகமும் தீரும்.

ஒளிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் அது நேராக அங்கேயே போய்விடும், மகா சாமர்த்தியசாலி!

இன்னொன்று. ஒளித்துவைத்த தீனியை அன்றைய சாப்பாட்டு அளவிலிருந்து கழித்துவிடுவார்கள். ஏன் என்று நீயே சொல், பார்ப்போம்.